நற்சான்று வியாபாரம்

சிலாபத்துச் சந்தையில் மீன் வாங்க வருபவர் விற்பவரின் புகழுரையைக் கேட்டுக் காசை அவிழ்ப்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஒருவேளைக் குழம்புக்கு இத்தனை சோதனை செய்யும் மக்கள், தம் உடலைக் கத்திக்குக் கொடுக்கும்போது மட்டும், விற்பவன் திரட்டி வைத்த புகழுரைகளை நம்பிக் கடல் கடக்கிறார்கள். இதை அறியாமை என்று ஏளனம் செய்வது எளிது. இதன் பின்னால் கணக்கறிந்து நடத்தப்படும் வியாபாரம் ஒன்று இருக்கிறது என்பதே நமது குற்றச்சாட்டு.

கற்பிட்டி முதல் வென்னப்புவை வரையுள்ள புத்தளக் கரையோரத்தில், பிறநாட்டு உழைப்பின் ஊதியத்தால் அடுப்பெரியும் வீடுகள் பல. பெண்கள் வளைகுடா நாட்டு வீடுகளில் உழைக்கிறார்கள். வென்னப்புவைக்காரருக்கு இத்தாலி அயலூர் போலாகிவிட்டது. உப்பளத்து வெயிலில் கறுத்த மேனியைக் குறை என்று இவர்களுக்குக் கற்பித்தவர் யார்? சிவப்பழகுக் களிம்பு விற்றவர்களும், கறுத்த முகத்தைக் கேலிப்பொருளாக்கிய திரைப்படங்களும் அல்லவா? முதலில் வெட்கத்தை விற்றார்கள்; இன்று அதற்கு மருந்து விற்கிறார்கள். இஸ்தான்புல்லில் முடி, சென்னையில் மூக்கு, பாங்கொக்கில் முகம் என்று கைத்தொலைபேசியில் விளம்பரம் வந்து நிற்கிறது. விமானச் சீட்டும் விடுதியும் சிகிச்சையும் ஒரே கட்டணத்தில்! அதன் கீழே ஐந்து நட்சத்திரங்கள், ஆயிரம் நன்றிமொழிகள்.

இந்த நன்றிமொழிகளை எழுதியவர் யார்? உண்மையாகவே மனம் நிறைந்து எழுதியோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூலிக்கு எழுதியவரும், தள்ளுபடிக்காக எழுதியவரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். இணைய மதிப்புரைகளுக்கென்று 2022ஆம் ஆண்டில் இந்தியா ஒரு தரவிதியை வெளியிட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் பொய் மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதி நடைமுறைக்கு வந்தது. பொய் மலியாத இடத்தில் தடை எதற்கு?

மெய்யாக எழுதப்பட்டதும் முழு உண்மையாகிவிடாது. வீக்கம் வடியுமுன், மகிழ்ச்சி ஆறுமுன் எழுதப்படுவது அது. நச்சுக்கிருமியோ ஆறுதலாக வருவது. 2023ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் மத்தாமோரோஸ் நகரில், முதுகில் மயக்கமருந்து ஏற்றி அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே பூஞ்சையால் மூளையுறை அழற்சி பரவியது. பலருக்கு வாரங்கள் கழிந்த பின்னரே நோய் தெரிந்தது; பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டொமினிக்கன் குடியரசில் 2009 முதல் 2022 வரை அழகுச் சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்த அமெரிக்கர் 93 பேர். இறந்தவர் நட்சத்திரம் இடுவதில்லை. தழும்பை மறைத்து வாழும் பெண்ணும் தன் பெயரோடு முறையீடு எழுதத் துணிவதில்லை. மௌனமாக்கப்பட்டோரைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கே அந்த ஐந்து நட்சத்திரம்.

'வாங்குபவர் விழிப்பாக இருந்தால் போதும்' என்பர் சந்தையின் வக்கீல்கள். 2016ஆம் ஆண்டில் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்த இளைஞர் ஒரு மருத்துவ மாணவர். மருத்துவமே பயின்றவரை அவரது கல்வி காக்கவில்லை. உடப்பு மீனவரின் மகளை மட்டும் நட்சத்திரங்களை எண்ணித் தப்பிக்கச் சொல்வது நியாயமா?

ஆகவே கேள்வியை மாற்றுவோம். எத்தனை பேர் புகழ்ந்தார்கள் என்பதை விடுத்து, யார் பொறுப்பேற்கிறார் என்று கேட்போம். கத்தி பிடிப்பவரின் பெயர் என்ன? அந்நாட்டு மருத்துவப் பேரவையில் அவர் எந்தத் துறை வைத்தியராகப் பதிவானவர்? மயக்கமருந்து கொடுப்பவர் முடியும்வரை உடனிருப்பாரா? உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் எந்த வைத்தியசாலை ஏற்கும்? ஊர் திரும்பிய பின் புண் சீழ்பிடித்தால் யார் செலவு? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத நிலையத்துக்குப் பத்தாயிரம் புகழுரையும் ஈடாகாது.

கடைசிக் கேள்விக்கு மட்டும் நமக்கு விடை தெரியும். சீழ்பிடித்த புண்ணோடு அவர்கள் வந்து சேர்வது புத்தளத்திலும் சிலாபத்திலுமுள்ள அரசாங்க இலவச வைத்தியசாலைகளுக்கே. இலாபம் அங்கே, காயம் இங்கே, செலவு பொதுமக்கள் தலையில்!

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் உரிமம் பெறவேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தாலும் எல்லா அநீதியும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு முகவரி உண்டாயிற்று. வெளிநாட்டுக் கத்திக்கு உடல் அனுப்பும் தரகருக்கும் உரிமமும் பிணைப்பணமும் விதிக்கப்பட வேண்டும். விளைந்த கேட்டை வைத்தியசாலைகள் பதிவுசெய்து ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். அந்தப் பதிவேடே மக்களுக்கான மெய்யான மதிப்புரை.

ஆசிரியர்களே, மாணவர்களே! கறுத்த மேனியைக் கேலிசெய்யும் சொல் முதலில் ஒலிப்பது நம் வகுப்பறைகளில்தான். அங்கேயே அதை எதிர்த்து நிற்போம். வெட்கம் விலைபோகாத ஊரில் இந்த வியாபாரி கடைவிரிக்க முடியாது.