குதிரைச் சட்டத்தில் கார் விற்பனை

பழைய கார் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் ஒரு குதிரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவு. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். அதன் உடம்பு சரியில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். சும்மா இருந்ததற்காக மட்டும் ஒருவனை மோசடிக்காரன் ஆக்க முடியாது. காஞ்சிபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். அந்தக் குதிரை இன்னும் சந்தையில் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் ஊர் மாகறலில் நெசவாளர் நண்பர் ஒருவர் பழைய மாருதி 800-க்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நெய்த சேலையைக் காஞ்சிபுரம் கொண்டுபோக வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். "செகண்ட் கியர் கொஞ்சம் டைட்டா விழுதுண்ணே. கிளட்ச் பிளேட் மாத்தினா சரியாப் போயிடுமாம்" என்றார். அவ்வளவுதான் கோளாறு என்றால் விற்கிறவரே அதை மாற்றிவிட்டு விலையைக் கூட்டிக் கேட்டிருக்க மாட்டாரா? எனக்கு அப்போதே உறுத்தியது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஸ்டார்ட் செய்ததும் முதல் கியரே முரண்டு பிடித்தது. அணைத்தால் விழுந்து, ஓடும்போது விழவில்லை என்றால் சந்தேகம் முதலில் கிளட்ச் மேல்தான்: கேபிள் தளர்ந்திருக்கலாம், பிளேட்டோ பிரஷர் பிளேட்டோ போயிருக்கலாம். அணைத்த பிறகும் லீவர் கஞ்சியில் விட்ட கரண்டி மாதிரி ஆடினால் லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் கம்பிகளுக்கு நடுவில் உள்ள புஷ் தேய்ந்திருக்கும். அது சில்லறைச் செலவு. ரிவர்ஸில் 'கர்'ரென்று ஒரு சத்தம் வந்ததும் நண்பர் பயந்தார். பழைய வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுசாக நின்ற பிறகு ஒரு நொடி பொறுத்துப் போட்டால் சத்தம் வராது என்று மெக்கானிக் காட்டினார்.

செய்யாற்றங்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் பல் அரைபட்டது. கியரின் வேகத்தையும் ஷாஃப்டின் வேகத்தையும் ஒன்றாக்கிக் கொடுப்பது சிங்க்ரோ ரிங் என்கிற பித்தளை வளையம். அது தேய்ந்துவிட்டால் கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்காமல் வழியில்லை. விற்கிறவர் சொன்ன கிளட்ச் கோளாறு உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டதுதான் பெரிய செலவு.

சட்டத்தில் அந்தக் குதிரையை வைத்தே இன்னொரு உதாரணமும் உண்டு. வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்" என்கிறான். அப்போதும் விற்கிறவன் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். நண்பர் போனை வாங்கி விற்கிறவருக்கு நானே வாட்ஸ்அப்பில் அடித்தேன்: "கிளட்ச் தவிர கியர் பாக்ஸில் வேறு கோளாறு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம், சரிதானே?" ராத்திரி பதில் வந்தது. செகண்ட் கியரில் சத்தம் இருக்கிறதாம், பாக்ஸைக் கழற்ற வேண்டியிருக்குமாம். மறுநாள் விலையும் இறங்கியது. நண்பர் வாங்கிவிட்டார். குழித்தறியில் கால் ஒரு வேலையும் கை ஒரு வேலையும் செய்தே பழகியவருக்கு கிளட்சும் கியரும் சீக்கிரமே பிடிபட்டன.

கியர் கோளாறுள்ள வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோளாறு இன்னதென்று தெரிந்து, கூலியும் சாமானும் விலையில் கழிந்துவிட்டால் அது நியாயமான வியாபாரம். 800-க்கு வேறொரு கணக்கும் சேர்த்துப் போட வேண்டும். அதன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பாக்ஸைப் பிரிக்கும் செலவோடு இதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

என் குறை ஆர்.டி.ஓ. படிவங்களைப் பற்றியது. வண்டி கைமாறும்போது படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போடுகிறோம். பதிவு எண், சேசிஸ் எண், என்ஜின் எண், பெயர், முகவரி எல்லாம் கேட்கிறார்கள். வண்டி என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், வண்டி வெளியே போய்வருவதை மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதைச் செய்ய முடிந்தவர்களுக்கு, "எனக்குத் தெரிந்த கோளாறுகள்" என்று ஒரு கட்டம் போடுவதா கஷ்டம்? வியாபாரியிடம் ஏமாந்தவர் நுகர்வோர் ஆணையத்துக்காவது போகலாம். தனியாளிடம் வாங்கியவர் சிவில் கோர்ட் படி ஏற வேண்டும். கையில் எழுத்து இல்லாமல் ஏறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டம் வருகிறவரை, முன்பணம் கொடுக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதிலை அழித்துவிடாதீர்கள்.