கார்பெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஈரம்!

போன ஐப்பசியில் எங்கள் காருக்குள் ஈர வாடை. மழைதானே என்று சென்ட் பாட்டில் வாங்கி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, சீட்டுக்கு அடியில் விழுந்த சாவியைத் தேடியபோதுதான் பார்த்தேன். சீட் நகரும் இரும்புச் சட்டத்தில் துரு. கார்பெட்டில் பழுப்புக் கறை!

கறையைத் துடைக்கும் முன் தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடம் மட்டும் நனைந்திருந்தால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். எங்களுக்கு அதுதான். மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் என்றால், கதவு ரப்பரைப் பாருங்கள்.

மேட்டை வெயிலில் போட்டால் போதாது. கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கார்பெட்டைத் தூக்கி, கதவுகளைத் திறந்து, ஃபேன் வைத்து உலர்த்துங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் ஒயர் இருந்தால் கை வைக்காதீர்கள். அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

துணியில் படிந்த துருக்கறையில் எலுமிச்சைச் சாறு தடவி, சிறிது நேரம் கழித்து ஈரத்துணியால் ஒற்றி எடுத்து உலர்த்துங்கள். சாயம் போகிறதா என முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். பிளீச்சிங் வேண்டவே வேண்டாம்; கறை இன்னும் அழுத்தமாகும்.

சீட் பெல்ட் போல்ட்டிலோ, சீட்டைத் தாங்கும் தகட்டிலோ துரு செதில் செதிலாக உதிர்ந்தால், வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விபத்தில் உங்கள் குழந்தையைப் பிடித்து நிறுத்துவது அந்த போல்ட்தான்.