தட்டைப் பாதமும் தங்கப் பதக்கமும்



தோட்டத்துத் தாயார் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "என் மகளுக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்ததும் லயத்து வாசலில் குட்டிக்கரணம் போடுகிறாள். பெண்பிள்ளைக்கு இது அடுக்குமா? கைகால் ஒடிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்? அடித்தும் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை."

அம்மா, முதலில் அந்தப் பிரம்பைக் கீழே போடுங்கள். கரணம் போட்டே பேர் வாங்கிய ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் திரிபுரா என்றொரு சிறு மாநிலம். அதன் தலைநகர் அகர்தலாவில் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் பிறந்தவர் தீபா கர்மாகர். தந்தை பளுதூக்கும் பயிற்சியாளர். மகளை ஆறு வயதிலேயே சீருடற்பயிற்சியில் சேர்த்துவிட்டார்.

சேர்த்தபோதே ஒரு குறை தெரிந்தது. குழந்தைக்குத் தட்டைப் பாதம்! உள்ளங்காலில் வளைவு இருந்தால்தான் ஓடவும் எம்பவும் குதித்து நிற்கவும் தோதாக இருக்கும். "இது தேறாது" என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி, அந்தக் காலுக்கென்றே தனிப் பயிற்சிகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பாதத்தைப் பழக்கினார். நல்ல கருவிகள் இல்லாத குறைக்குப் பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு எம்புபலகை செய்து கொடுத்தார்.

2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தீபா வெண்கலம் வென்றார். இந்த விளையாட்டில் காமன்வெல்த் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தாம்.

அவர் கைக்கொண்ட வித்தைக்குப் 'புரொடுனோவா' என்று பெயர். வேகமாக ஓடி வந்து, மேசையில் கையூன்றி எம்பி, அந்தரத்தில் முன்புறமாக இரண்டு கரணம் அடித்துக் காலூன்றி நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கழுத்துக்கே ஆபத்து. உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள்தாம் போட்டியில் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக். இந்தியப் பெண் ஒருவர் இந்த விளையாட்டில் ஒலிம்பிக்கில் இறங்கியது அதுவே முதல் முறை. இறுதிச் சுற்றில் தீபா பெற்ற புள்ளி 15.066. வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்துப் பெண்ணுக்கு 15.216. வித்தியாசம் எவ்வளவு? வெறும் 0.150! நான்காம் இடம். பதக்கம் இல்லை.

அதோடு உட்கார்ந்து அழுதாரா? ஊர் திரும்பிய கையோடு எம்.ஏ. தேர்வு எழுதப் போனார். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று சொல்லும் பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிப்பை மட்டும் சொன்னால் கதை பொய்யாகிவிடும். அடுத்த ஆண்டே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. 2018இல் துருக்கியில் தங்கம் வென்று மீண்டார். பிறகு 2021இல் எடுத்த பரிசோதனையில், தடைசெய்யப்பட்ட ஒரு பொருள் அவர் உடலில் இருந்தது தெரிந்தது. அறியாமல் உட்கொண்டுவிட்டதாகச் சொன்னார். ஆனாலும் 21 மாதத் தடை. அறியாமல் செய்தாலும் தவற்றுக்கு விலை உண்டு.

2023 ஜூலையில் தடை முடிந்தது. வயது முப்பதை எட்டியது. சிறுமிகளோடு போட்டியிட வேண்டிய விளையாட்டில், "இனி என்ன?" என்று பலரும் எண்ணியிருப்பார்கள். 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியப் போட்டி. தங்கம் தீபாவுக்கு! அந்தப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் நிறைந்த மனத்தோடு ஓய்வு பெற்றார்.

இப்போது உங்கள் மகளுக்கு வருவோம், அம்மா. நீங்கள் பயப்படுவது நியாயம்தான். சிமெண்டுத் தரையில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கரணம் போடுவது ஆபத்து. அதை நிறுத்துங்கள்; ஆசையை நிறுத்தாதீர்கள். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "இவளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்க வழி உண்டா?" என்று கேளுங்கள். மெத்தை விரித்து, பக்கத்தில் ஆள் நின்று பழக்கட்டும். வலிக்கிறது என்றால் நம்புங்கள். யார் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். படிப்பும் கூடவே நடக்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பிக் போக மாட்டார்கள். உங்கள் மகளும் போகாமலிருக்கலாம். ஆனால், விழுந்தால் எழுந்து நிற்கக் கற்றுக்கொள்வாள். யாரோ கட்டிக்கொள்ள வேண்டுமே என்று கவலைப்பட்டீர்கள். தன் காலில் தானே நிற்கத் தெரிந்த பெண்ணுக்கு அந்தக் கவலை பாதி குறைந்துவிடும்.

மகள் என்ன செய்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் மறவாமல் எழுதுங்கள்.