பெரியம்மா தப்பாக எதையும் அழுத்தவில்லை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் ஒரு பயம் இருக்கும். எதையாவது தெரியாமல் தட்டிக் கெடுத்து விடுவோமோ என்கிற பயம். உங்களுக்கும் அது உண்டா? அப்படியானால் என் பெரியம்மாவின் கதையைக் கேளுங்கள்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் வாழவந்திநாடு. சென்ற பொங்கலுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா வீட்டில் புது லேப்டாப். அண்ணன் வாங்கிக் கொடுத்தது. மிளகுத் தோட்டத்துக்காக இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டிருந்தார். யாருடைய தளம் என்பது இங்கே வேண்டாம்.

பெயரை டைப் செய்தார். அடுத்த கட்டம் 'கடைசிப் பெயர்'. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலைப் போட்டார். குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும் என்று சிவப்பில் ஒரு செய்தி வந்தது. பெரியப்பாவின் முழுப் பெயரையும் போட்டு அதைத் தாண்டினார். ஊர்ப் பெயரில் 'வாழவந்திநா' வரைதான் ஏறியது. அதற்கு மேல் ஓர் எழுத்தும் ஏறவில்லை. எப்படியோ முடித்து பட்டனை அழுத்தினார். சிறு வட்டம் சுற்றியது. மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறை பக்கமே வெள்ளையாகி விட்டது. முக்கால் மணி நேர உழைப்பு போச்சு!

"எனக்குப் படிப்பு பத்தாது கண்ணு, நீயே போட்டுக் குடு" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நான் இருந்த நான்கு நாளும் அதை அவர் தொடவே இல்லை.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் இப்படி நடக்காமல் பார்த்துக் கொள்வதுதான் என் வேலை. யூஎக்ஸ் என்ஜினியர் என்று பெயர். சாஃப்ட்வேர் கம்பெனியில் திரை எப்படி இருக்க வேண்டும் என்று டிசைனர் படம் வரைவார். அதைப் பார்த்து புரோகிராமர் எழுதுவார். படத்தில் எல்லாமே ஒழுங்காக நடக்கும். பெயர் சின்னதாக இருக்கும், இணைப்பு வேகமாக இருக்கும். பாதியில் சிக்னல் போனால் திரையில் என்ன தெரிய வேண்டும்? அது படத்தில் இல்லை. அதனால் புரோகிராமிலும் இல்லை. இந்த இடைவெளியில் உட்கார்ந்திருப்பவன் நான். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்று நான் சொல்லிக் கொள்வேன். இரண்டுங்கெட்டான் என்று சொல்பவர்களும் உண்டு.

ஊர்ப் பெயர் விஷயத்தைக் கவனியுங்கள். 'வாழவந்திநாடு' நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 12. 'வா' என்பது வ ஒன்று, கால் ஒன்று. 'ந்' என்பது ந ஒன்று, புள்ளி ஒன்று. கட்டத்துக்கு 10 என்று வரம்பு வைத்தவர் 'சேலம்' என்று அடித்துச் சோதித்திருப்பார் என்பது என் ஊகம். டிசைனருக்கு இந்தக் கணக்கு தெரியாது. புரோகிராமருக்கு இந்த ஊர் தெரியாது.

வெள்ளைப் பக்கத்துக்கும் மருந்து உண்டு. டைப் செய்யச் செய்ய பிரவுசரிலேயே சேமித்து வைக்கலாம். இணைப்பு திரும்பியதும் அனுப்பலாம். விண்ணப்பத்தைத் திறக்கும் போதே அதற்கு ஒரு எண் கொடுத்து விட்டால், மூன்று முறை அழுத்தினாலும் ஒரே விண்ணப்பமாகத்தான் பதிவாகும். இதெல்லாம் சில நாள் வேலைதான். ஆனால் யாராவது கேட்க வேண்டுமே!

1993ல் ஆப்பிளில் சேர்ந்த டான் நார்மன் தன் பதவிப் பெயரிலேயே 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று போட்டுக் கொண்டார். பெயர் அங்கிருந்து வந்தது. நான் பாடம் படித்ததோ புதுச்சேரி வீராம்பட்டினத்தில் நடந்ததிலிருந்து. எங்கள் மலையில் சாமை, தினைக்காக வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்தான் 1998ல் புதுச்சேரியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவ கிராமம். அங்கிருந்த மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணைய தளத்திலிருந்து அலையின் உயரத்தை இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகிறவர் மவுஸைத் தொடக் கூட வேண்டியதில்லை. திரையே இல்லாத இதைத்தான் நான் நல்ல டிசைன் என்பேன்.

நானும் யோக்கியன் இல்லை. முதல் வேலையில் 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொல்லும் பிழைச் செய்திகளை வரிசையாக எழுதித் தள்ளியவன். எது தவறு, எப்படித் திருத்துவது என்று ஒன்றில் கூடச் சொல்லவில்லை. அதைப் பார்த்து யார் யார் லேப்டாப்பை மூடி வைத்தார்களோ!

தளங்கள் திருந்தும் வரை நீங்கள் ஒன்று செய்யலாம். நீளமாக எழுத வேண்டியதை முதலில் நோட்பேடில் டைப் செய்து சேமியுங்கள். பிறகு காப்பி செய்து ஒட்டுங்கள். பிழைச் செய்தி வந்தால் விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் படம் பிடித்து, தளத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதாதீர்கள். 'உங்கள் கட்டத்தில் என் ஊர்ப் பெயர் கொள்ளவில்லை' என்று எழுதுங்கள்.

பெரியம்மாவுக்கும் கிளம்பும் போது நோட்பேடைத் திறந்து வைத்து விட்டு வந்தேன். போன வாரம் அண்ணன் போனில் பேசினார். மிளகுக் கணக்கை இப்போது அதில்தான் எழுதுகிறாராம். இன்டர்நெட் மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறாராம்.