முதலில் அந்த மிக்சரை மூடுங்கள்

கோடை விடுமுறை வந்தால் போதும். புனே, பெங்களூரு, நொய்டா என்று நம் ஆட்கள் இருக்கிற ஊர்களிலெல்லாம் 'மியூசிக் புரொடக்‌ஷன்' வகுப்பு விளம்பரம் முளைத்துவிடுகிறது. பிள்ளை பாட்டு கற்றுக்கொள்கிறதே, இதற்கும் போகட்டும் என்று நாமும் பணத்தைக் கட்டிவிடுகிறோம். கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

என் மகள் போகும் வகுப்பில் (பெயர் எதற்கு, விடுங்கள்) முதல் நாளே மிக்சரைத் திறந்து கம்ப்ரஸர், ரிவெர்ப் என்று பிளக்-இன்களை அடுக்கவைத்துவிட்டார்கள். திரையில் பாதி மிக்சர், மீதியில் பிளக்-இன் ஜன்னல்கள். பாட்டு இருக்கிற அரேஞ்ச் ஜன்னல் ஒரு ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. குழம்பே கொதிக்கவில்லை, அதற்குள் தாளிப்பு!

இடமிருந்து வலமாக நேரம் ஓட, மேலிருந்து கீழாக டிராக்குகள் அடுக்கிய அந்த ஜன்னலில்தான் அய்யா வேலையே. 1989-ல் அடாரி கணினியில் கியூபேஸ் வந்த காலத்திலிருந்து அப்படித்தான். மற்றவை கூப்பிட்டால் வர வேண்டும், வேலை முடிந்தால் போக வேண்டும். ரீப்பரில் கண்ட்ரோல்-எம் அடித்தால் மிக்சர் வரும், மறுபடி அடித்தால் போகும். லாஜிக்கில் எக்ஸ், எஃப்எல் ஸ்டூடியோவில் எஃப்9. இது தெரிந்தால் இருக்கிற லேப்டாப்பே போதும், இரண்டாவது மானிட்டர் கேட்டு நச்சரிக்க மாட்டார்கள் :-)

இதைவிடப் பெரிய வம்பு, ஸ்னாப். நீங்கள் எங்கே வெட்டப் போனாலும் பக்கத்துக் கட்டத்தின் கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். ரீப்பரில் புதுசாக ஒன்றைத் திறந்தால் நிமிஷத்துக்கு 120 அடி, 4/4 என்று கட்டம் தயாராக நிற்கிறது. டிரம் லூப்புக்குச் சரி. விருத்தம் பாடுகிற பிள்ளைக்கு? விருத்தத்துக்குத் தாளமே கிடையாதே! கட்டத்தில் வெட்டினால் கமகத்தின் வால் போகும், இல்லை மூச்சு பாதியில் அறுபடும். ஆல்ட்-எஸ் அடித்து ஸ்னாப்பை அணைத்து, அலையைப் பெரிதாக்கி, மூச்சுக்குச் சற்று முன்னால் எஸ் அடித்து வெட்ட வேண்டும். ஒட்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு கிராஸ்ஃபேட். பாட்டை எடிட் செய்வதில் முக்கால்வாசி இதுதான். வெட்டியதும் தொலைந்து போகாது. துண்டின் ஓரத்தை இழுத்தால் திரும்ப வரும், பதிந்த கோப்பு அப்படியே இருக்கிறது. இதை யாரும் சொல்லாததால் பிள்ளைகள் வெட்டப் பயந்து பத்து தடவை பாடித் தொண்டையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது குவாண்டைஸ். கீபோர்டில் திஸ்ர நடையில் வாசித்ததை, பதினாறில் ஒன்று கட்டத்தில் நூறு சதவீதம் குவாண்டைஸ் செய்தால் மூன்று சம அடியும் நொண்டியடிக்கும். டிரிப்லெட் கட்டம் பக்கத்திலேயே இருக்கிறது, சதவீதத்தையும் குறைக்கலாம். அதைச் சொல்லாமல் "டைமிங் தப்பு" என்று சொல்லி அனுப்பினால், அது பாட்டு டீச்சர் வருஷக்கணக்காகப் போட்டுக்கொடுத்த லயத்தையே சந்தேகப்படாதா?

சினிமாவில் கிளிக் வைத்துத்தானே பாடுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். கிளிக்குக்குப் பாடினால் கட்டம் உதவும். எப்போது உதவும், எப்போது கெடுக்கும் என்று சொல்லத்தானே அந்த வகுப்பு?

முதல் இரண்டு வாரம் மிக்சரைத் திறக்காமல், வெறும் குரலை வெட்டி ஒட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் அடுத்த தவணை உங்கள் கையிலேயே இருக்கட்டும். ரீப்பரை 60 நாள் முழுசாகவே சோதித்துப் பார்க்கத் தருகிறார்கள். வெட்டிப் பழகுவதற்கு, ஊரில் இருக்கிற பாட்டியை ஃபோனில் ஒரு தாலாட்டு பதிந்து அனுப்பச் சொன்னால் ஆயிற்று.