வெட்டி ஒட்டும் வித்தை

சண்டைப் படமும் சாகசப் படமும் பார்க்கப் போகின்றவர்கள், “பொழுது போக்கப் போகின்றோம், அதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக் கிடக்கின்றது?” என்று கேட்கின்றார்கள். பொழுது போகட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. அதோடு சேர்ந்து புத்தியும் போகின்றதா என்று பார்க்க வேண்டாமா?

செப்பிடு வித்தைக்காரன் கையைப் பார்க்க நமக்குத் தெரியும். சினிமாவுக்குக் கை எங்கே? படத்துண்டுகளை வெட்டி ஒட்டும் இடத்தில் இருக்கின்றது. 1911-ல் அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிபித் என்பவர் “தி லோன்டேல் ஆபரேட்டர்” என்னும் ஊமைப் படத்தை எடுத்தார். தந்தி ஆபீசில் தனியாயிருக்கும் பெண்ணைத் திருடர்கள் வளைத்துக் கொள்ளுகின்றார்கள்; தந்தி கண்டு காதலன் ரயில் எஞ்சினில் ஓடி வருகின்றான். கதை இவ்வளவே. (அந்தப் பெண் இருட்டில் ஒரு ஸ்பானரைக் கைத்துப்பாக்கி போலப் பிடித்துத் திருடர்களை நிறுத்தி வைத்தது காதலன் சாமர்த்தியத்துக்கு இளைத்ததல்ல.) ஆனால் கதவை உடைக்கும் திருடன், உள்ளே பெண், ஓடிவரும் எஞ்சின் என்று மாற்றி மாற்றி ஒட்டி, 20 நிமிஷங்கூட ஓடாத படத்தில் ஏறக்குறைய 100 துண்டுகளைக் காட்டி, பார்ப்பவனைத் தவிக்க வைத்தார்.

நிற்க. இந்தத் தவிப்புக்கு நியாயம் அநியாயம் தெரியாது என்பதுதான் நாம் சொல்ல வந்த விஷயம். அதே கிரிபித் 1915-ல் “தி பர்த் ஆப் எ நேஷன்” என்ற மூன்று மணி நேரப் படத்திலும் இதே வித்தையைச் செய்தார். இம்முறை குடிசைக்குள் அகப்பட்டவர்கள் வெள்ளையர்கள். கதவை உடைப்பவர்கள் கருப்பர்கள். குதிரையேறிக் காப்பாற்ற வருகின்றவர்களோ, முகமூடியணிந்து கருப்பு மக்களை அடித்தும் கொன்றும் வந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார்! முக்கியமான கருப்பர் வேஷங்களைக்கூட முகத்தில் கரி பூசிய வெள்ளையர்களே போட்டார்கள். கொட்டகையிலிருந்தவர்கள், கொலைகாரர்கள் சீக்கிரம் வந்து சேர வேண்டுமே என்று தவித்துக் கைதட்டினார்கள். முடிவில், தேர்தலன்று வோட்டுப் போட வெளியே வரும் கருப்பர்களை ஆயுதமேந்திய குதிரைக்காரர்கள் நின்று தடுக்கின்றார்கள். இதற்குப் பெயர் சுபமான முடிவாம்! அவ்வாண்டே, அழிந்து கிடந்த கிளான் ஜார்ஜியாவில் மறுபடி முளைத்தது. ஆள் பிடிக்க இப்படமே உதவிற்று.

வாதம் செய்திருந்தால் நம்பாதவனும் குதிரை ஓடும்போது நம்பி விட்டான். யோசிக்க நேரம் கொடுத்தால்தானே? ஆகையால் தோழர்களே, நெஞ்சு படபடக்கும் கட்டத்தில் யார் முகம் கிட்டத்தில் தெரிகின்றது, யார் முகமில்லாத கும்பலாய் வருகின்றார்கள், கதவுக்கு உள்ளே யார், வெளியே யார் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.

இதனால் சினிமாவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கத்தரி யார் பாட்டன் சொத்துமல்ல. ஆஸ்கார் மிஷோ என்னும் கருப்பர் 1920-ல் வெளிவந்த “விதின் அவர் கேட்ஸ்” படத்தில், குற்றமற்ற கருப்புத் தம்பதிகளை வெள்ளைக் கும்பல் கொல்வதையும், அதே வேளையில் அவர்களது வளர்ப்பு மகளை ஒரு வெள்ளையன் பலாத்காரம் செய்ய முனைவதையும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். அத்தம்பதிகளைக் காப்பாற்ற அங்கே எந்தக் குதிரையும் வரவில்லை. சிக்காகோ தணிக்கைக்காரர்கள் முதலில் அனுமதி மறுத்தார்கள். கிரிபித் படத்தின் பிரதிகள் பத்திரமாயிருக்க, மிஷோ படம் நெடுங்காலம் காணாமற்போய், கடைசியில் ஸ்பெயின் தேசத்தில் ஒரு பிரதி அகப்பட்டது.