வயிற்றுவலிக்குத் திறந்த கதவு

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையின் கதை பலருக்கும் தெரியும். சமணத் துறவியாக இருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் வருகிறது. சமணர்களின் மந்திரம் பலிக்கவில்லை. அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்து வீரட்டானத்துக்குள் அழைத்துப் போகிறார். தம்பி பதிகம் பாடுகிறார், வலி போகிறது, அப்பர் ஆகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதி வைத்தது இது. அந்தப் பதிகத்தைப் பாடினால் வயிற்று நோய் தீரும் என்று சைவர்கள் இன்றும் நம்புகிறார்கள்.

நம் தோழர்கள் இங்கே சிரிப்பார்கள். பாட்டுப் பாடி அல்சர் ஆறுமா, பக்கத்தில்தானே ஜிப்மர் இருக்கிறது என்பார்கள். பக்தரும் சளைக்க மாட்டார். பிரார்த்தனை மாத்திரை இல்லை, மனசுக்குத் துணை என்பார். நான் நாத்திகன், சிரிக்கிறவர்கள் பக்கம்தான். ஆனால் இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அக்காவும் தம்பியும் நேராகக் கோயிலுக்குள் போக முடிந்தது எப்படி? அவர்கள் வேளாளர்கள். வாசலில் மறிக்க ஆளில்லை.

அதே புத்தகத்தில் இன்னொரு பக்தர் இருக்கிறார். புலைப்பாடியில் பிறந்த நந்தனார். அவர் நோய் தீரக் கேட்கவில்லை, பார்க்க மட்டுமே ஆசைப்பட்டார். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியதாம். கவனியுங்கள், நந்திதான் விலகியது. அவர் வெளியிலேயே நின்றார். சிதம்பரத்தில் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. அதிலிருந்து எழுந்தபோது மார்பில் பூணூல் இருந்தது என்கிறது புராணம். திருவதிகையும் சிதம்பரமும் இன்று ஒரே கடலூர் மாவட்டம். ஒரே சிவன்தான். ஒருவருக்குத் திருநீறு, இன்னொருவருக்குத் தீ.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தின் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் மக்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் பூசாரி பூசை செய்ய மட்டும் திறந்தார்கள். பொதுமக்கள் உள்ளே போக 2025 ஏப்ரல் ஆனது, அதுவும் நீதிமன்ற உத்தரவோடு, போலீஸ் காவலோடு.

"சாமி மனசுக்குள்ளேதானே இருக்கு, வீட்டிலேயே கும்பிடலாமே" என்று அந்த மக்களிடம் உபதேசிக்கிற ஆன்மிகவாதியை நமக்குத் தெரியும். எதிரில் முற்போக்காளர் ஒருவர், "இல்லாத சாமிக்கு எதுக்கு இந்தப் போராட்டம்?" என்று கேட்கிறார். இரண்டுக்கும் நடைமுறையில் ஒரே பொருள்: நீ உள்ளே போகத் தேவையில்லை. சாதிக்காரனுக்கும் அதுதான் வேண்டும். முன்னவரின் தந்திரம் பழகியது. பின்னவர்மீதுதான் எனக்குக் கோபம். பிரார்த்தனை மனசுக்குள் நடக்கிற வெறும் விஷயம் என்றால், உள்ளே வந்தவர்களை எதற்கு அடித்தார்கள்?

காலாராம் கோயிலுக்கு முன் 1930இல் அம்பேத்கர் சத்தியாகிரகம் நடத்தியது தலித்துகளைச் சிலை வணங்கிகளாக்க அல்ல. தாங்கள் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பதை அவர்கள் உணர்ந்து எழுவதற்கு அதுவே வழி என்று பின்னாளில் அவரே விளக்கினார். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்தது அந்தக் கதவை ஐந்து வருடம் தட்டிப் பார்த்த பிறகு. கோயிலை விட்டு விலகு என்று சொல்கிற நம்மில் எத்தனை பேர் ஒருநாளாவது அந்த வாசலில் போய் நின்றிருக்கிறோம்?

கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் சிறை போனவர் பெரியார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்ன அதே மனிதர் கடைசியாகக் கையில் எடுத்தது அனைத்துச் சாதியினருக்கும் கருவறை உரிமை. 1970இல் கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டே ஆகமத்தைக் குறுக்கே நிறுத்தியது. மறுவருடம் பெரியார் இறந்துபோனார். பயிற்சி முடித்த பல சாதி அர்ச்சகர்கள் 24 பேருக்குப் பணி ஆணை கிடைக்க 2021 ஆகஸ்ட் வரை ஆயிற்று.